குடிநோய்க்கு எந்த மருந்து என்று மரபணுச் சோதனை சொல்லுமா?

செங்காந்தள்:

அண்ணனுக்கு 41 வயது. குடியை விடவேண்டும் என்று அவரே முன்வந்து மனநல மருத்துவரிடம் போய்வருகிறார். நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அண்ணியின் கண்ணெதிரேதான் தினமும் விழுங்குகிறார். ஆனாலும் குடி குறைந்தபாடில்லை. அதே மருத்துவரிடம் வரும் இன்னொருவருக்கு இதே மாத்திரையில் குடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். காரணம் கேட்டால் "ஒவ்வொருவர் உடல்வாகு ஒவ்வொரு மாதிரி" என்கிறார் மருத்துவர்.

எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, பெரியப்பா மூவரையும் குடிதான் கொண்டுபோனது. பரம்பரைக் கோளாறு என்று அண்ணி முடிவுகட்டிவிட்டார். எச்சில் மாதிரியை அனுப்பினால் மரபணுவைப் படித்து எந்த மருந்து ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார்களாமே, அதற்குப் பணம் கட்டலாமா என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு விளங்காதது இன்னொன்று. அண்ணன் இளவயதிலிருந்தே எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாதவர். கூட இருப்பவர்கள் சுருண்டு விழுந்தபின் அவர்களைப் பத்திரமாக வீட்டில் சேர்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட இரும்பு உடம்புக்காரர் எப்படி இதற்கு அடிமையானார்?

கணக்கன்:

பரம்பரை, மரபணு எல்லாம் நல்ல சாக்கு. என் அப்பாவும் குடித்தார். நானும் தம்பியும் தொட்டதில்லை. அதே ரத்தம்தானே? மனஉறுதிக் குறைவுக்கு மரபணு என்று பெயர் வைத்துக்கொண்டால் யார்தான் திருந்துவார்கள்?

நுண்ணோக்கி:

செங்காந்தள், உங்கள் கடைசிப் பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. இரும்பு உடம்பாக இருந்தும் எப்படி அடிமையானார் என்று கேட்கிறீர்கள். அந்த உடம்பே காரணங்களில் ஒன்று என்கிறது ஆராய்ச்சி.

அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் 1978-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 20 வயதை ஒட்டிய 453 ஆண்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் குடிநோயாளிகளின் மகன்கள், மற்றவர்கள் அப்படி இல்லாதவர்கள். அவர்களுக்கு ஆய்வகத்தில் அளந்து மது கொடுத்து, எவ்வளவு போதை தெரிகிறது, உடல் எவ்வளவு தள்ளாடுகிறது என்றெல்லாம் பதிவுசெய்தார். குடிநோயாளிகளின் மகன்களில் கணிசமானோருக்கு அதே அளவு மது மிகக் குறைவாகவே ஏறியது. சுமார் பத்தாண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, குடிநோயாளிகளின் மகன்களில் அன்று போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகள் ஆகியிருந்தார்கள். நன்றாகப் போதை ஏறியவர்களில் 14 சதவீதம் மட்டுமே.

இரண்டாவது கோப்பையிலேயே தலை சுற்றிக் குமட்டுகிறவருக்கு உடம்பே போதும் என்று சொல்லிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் மயக்கத்தைப் பெற அவர் இரண்டு மடங்கு குடிக்க வேண்டியிருந்தது; ஈரலும் மூளையும் அந்த இரண்டு மடங்கையும் வாங்கிக்கொண்டன. அதைச் சுற்றியிருந்தவர்கள் திறமை என்று பாராட்டியது கூடுதல் கேடு.

கணக்கனுக்கு: டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழு 1973-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பிறந்த சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த ஆண்கள். பெற்றவர்களில் ஒருவர் குடிநோயாளியாக இருந்த 55 பேரில் 10 பேர் குடிநோயாளிகள் ஆனார்கள். அப்படி இல்லாத 78 பேரில் 4 பேர். பெற்ற தகப்பன் குடிப்பதை இவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. மனஉறுதியைத் தத்துக் கொடுக்கும்போது பறித்துக்கொண்டா அனுப்பினார்கள்?

கணக்கன்:

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 55-இல் 10 போனால் 45. அந்த 45 பேர் ஆகவில்லையே? குடிநோயில் பாதி மரபணு என்று எங்கும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் மீதிப் பாதி மனிதன் கையில்தானே?

நுண்ணோக்கி:

45 பேர் ஆகவில்லை என்பது முழு உண்மை. விதி என்று நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் "பாதி" என்ற எண்ணைப் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள். இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் குடிநோயின் மரபுப் பங்கு சுமார் 50 சதவீதம் என்று வருகிறது. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவுக்கு மரபணு வேறுபாடு காரணம் என்பதற்கான அளவு அது. ஒரு தனி மனிதனின் நோயைப் பிளந்து இது பாதி ரத்தம், இது பாதி குணம் என்று பங்கு பிரிக்க அதைக்கொண்டு முடியாது. மது அறவே கிடைக்காத இடத்தில் எந்த மரபணுவும் யாரையும் குடிநோயாளி ஆக்காது. மீதிப் பாதி என்பதும் முழுக்க மனஉறுதி கிடையாது. எந்த வயதில் தொட்டார், யாரோடு பழகினார், சிறுவயதில் என்ன பட்டார், மது எவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டுகிறது எல்லாம் அதற்குள் அடக்கம்.

மருந்துப்பெட்டி:

மருந்தாளுநராகச் சில வார்த்தை. மரபணுவும் குடியும் என்றால் ஐயத்துக்கே இடமில்லாத பகுதி ஒன்று உண்டு: உடல் மதுவைச் செரிக்கும் வழி.

மது ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அதை ஏஎல்டிஎச்2 என்ற நொதி தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. இந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. நான்கு துண்டுகள் சேர்ந்துதான் நொதி இயங்க வேண்டும் என்பதால், அம்மா வழி அப்பா வழி இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தாலும் திறன் பாதியைவிட வெகு கீழே போய்விடும். அத்தகையவர் ஒரு வாய் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். கிழக்காசியாவில்தான் இது மிகுதி; உலகெங்கும் சுமார் 54 கோடிப் பேருக்கு இருப்பதாக 2009-இல் மதிப்பிட்டார்கள். தெற்காசியரிடம் அரிது. இரண்டு பிரதியும் பழுதானவர்கள் குடிநோயாளி ஆவது அரிதிலும் அரிது. வேறு எந்த மரபணுவும் குடிக்கு எதிராக இவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

இதைத்தான் டைசல்ஃபிரம் மாத்திரை செயற்கையாகச் செய்கிறது. 1940-களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்டு, எரிக் யாகோப்சன் இருவரும் அதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு சாதாரணமாக மது அருந்தியபோது முகம் சிவந்து உடம்பு ஆடிப்போனது. அதற்கும் முன்பே, 1937-இல், ரப்பர் தொழிற்சாலையில் இதே வகை வேதிப்பொருளோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். சிலருக்குப் பிறவியிலேயே உள்ள பழுதை மற்றவர்களுக்கு மாத்திரையில் அடைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

மழைக்குருவி:

அப்படியானால் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாமே? எங்கள் உறவினர் வீட்டில் அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கிறார்கள்.

மருந்துப்பெட்டி:

மழைக்குருவி, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டைசல்ஃபிரம் உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். தெரிந்து விழுங்குபவர் குடிக்காமல் விலகி நிற்பார். தெரியாதவர் வழக்கம்போல் குடிப்பார். இருமல் மருந்திலும் வாய் கொப்பளிக்கும் திரவத்திலும்கூட மது இருக்கும். எச்சரிக்கையாக இருக்க அவருக்கு வழியே இல்லை. மருத்துவர் மேற்பார்வையில், அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்கவேண்டிய மருந்து அது.

எல்லோருக்கும் ஏன் கொடுப்பதில்லை என்றால், மரபணுவை ஒருநாள் போடாமல் விடமுடியாது, மாத்திரையை விடலாம். குடிக்கத் தோன்றியவர் முதலில் விடுவது அதைத்தான். அதனால் பக்கத்தில் நின்று கொடுக்க ஆள் இருந்தால்தான் பயன் தெரிகிறது.

அந்தப் பிறவிப் பாதுகாப்பும் அசைக்கமுடியாதது என்று எண்ணவேண்டாம். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளிடம் ஹிகுச்சி குழு இந்த மரபணுவைச் சோதித்தது. அந்த நோயாளிகளில், ஒரு பிரதி பழுதாக இருந்தும் குடிநோயாளி ஆனவர்கள் 1979-இல் 2.5 சதவீதம். 1986-இல் 8 சதவீதம். 1992-இல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. குடிக்கும் பழக்கமும் குடிக்கவைக்கும் நெருக்கடியும்தான் மாறின. முகம் சிவக்கச் சிவக்கக் குடித்திருக்கிறார்கள்.

கணக்கன்:

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் சொல்ல வந்ததும் இதுதான்.

நுண்ணோக்கி:

பாதிதான். நெருக்கடி மாறியதும் மனஉறுதி குறைந்ததும் ஒன்றல்ல. போகட்டும், செங்காந்தள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதில்தான் விளம்பரம் செய்பவர்கள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மது அருந்தும்போது மூளை தானே சுரக்கும் ஓபியாய்டு என்ற அபினி போன்ற பொருள்கள், நரம்பணுவின் மேல் பூட்டுபோல் இருக்கும் ஓர் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வதால் இன்பம் தெரிகிறது. நால்ட்ரெக்ஸோன் அந்த ஏற்பியை அடைத்துவிடுகிறது. குடித்தாலும் பழைய சுகம் வராது. மெல்ல ஆசை தணியும். அந்த ஏற்பிக்கான மரபணு ஓபிஆர்எம்1. அதில் ஓர் எழுத்து மாறிய வகை சிலருக்கு உண்டு. ஐரோப்பியரைவிட ஆசியரிடம் மிகுதி, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகக் குறைவு.

2003-இல் டேவிட் ஆஸ்லின் குழு பழைய ஆய்வுகளின் மாதிரிகளைச் சோதித்து, மாறிய வகை உள்ளவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் நன்றாக வேலை செய்கிறது என்றது. 2008-இல் வேறொரு பெரிய ஆய்வின் தரவில் இன்னும் கவர்ச்சியான எண்: நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களில் மாறிய வகைக்காரர்கள் 87 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றவர்கள் 55 சதவீதம். சோதனை விற்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை நடந்தது. முடிந்த ஆய்வைத் தோண்டிப் பார்க்காமல், முதலிலேயே மரபணுவைச் சோதித்து, இரு வகையினரையும் குலுக்கல் முறையில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பிரித்து 221 பேரிடம் 12 வாரம் பார்த்தார்கள். அதை நடத்தியவரும் ஆஸ்லின்தான். 2015-இல் முடிவு வந்தது: மரபணு வகையைப் பொறுத்து மருந்தின் பயன் மாறவில்லை. தன் பெயரில் புகழ்பெற்ற கருத்தைத் தானே உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, நிற்கவில்லை என்று வெளியிட்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

குடியைக் குறைக்கக் கொடுக்கும் டோபிரமேட் என்ற மருந்துக்கும் இதே கதி. 2014-இல் ஒரு மரபணு வகைக்காரர்களுக்குக் கேட்கிறது என்றார்கள். அதே குழு முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த அடுத்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1990-இல், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஏற்பி மரபணு ஒன்றைக் குடிநோயோடு இணைத்து ஒரு கட்டுரை வந்தது. "குடிநோய் மரபணு சிக்கியது" என்று செய்திகள் பறந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவர்கள் பார்த்த அந்த அடையாளப் புள்ளி பக்கத்து மரபணுவுக்குள் இருக்கிறது என்பது 2004-இல் தெரியவந்தது.

2023-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சிக்கலான குடிப்பழக்கத்தோடு தொடர்புடைய 110 மரபணுப் பகுதிகள் தெரிந்தன. செரிமான நொதிகளை விட்டுவிட்டால் ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. இவற்றைக் கூட்டி ஒருவருக்கு மதிப்பெண் போடலாம். அந்த மதிப்பெண் எந்த மாத்திரை என்று சொல்லாது. தாத்தா, அப்பா, பெரியப்பா என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிய தகவலைவிட அது பெரிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

ஆகவே பணம் கட்டவேண்டாம்.

வேப்பங்காய்:

குடியை விட்டு வாழ்கிறவன் நான். நானும் அப்படி ஒரு சோதனை செய்து அறிக்கை வாங்கினேன். வண்ண வண்ணப் படங்களோடு வந்தது. "உங்களுக்கு ஆபத்து சராசரியைவிட அதிகம்" என்று முதல் பக்கத்தில் இருந்தது. மீட்பு மையத்தில் படுத்துக்கொண்டு அதைப் படித்தவனுக்கு அது என்ன புதுச் செய்தி?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மரபணு பற்றிய பேச்சு என் அம்மாவுக்கு உதவியது. நான் சரியாக வளர்க்கவில்லை என்ற குற்ற உணர்வில் இருந்தவர், இது நோய், ரத்தத்திலும் வரும் என்று கேட்டபின் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார். அதே பேச்சைக் கேட்டுவிட்டு, "என் ரத்தமே அப்படி, என்ன செய்ய?" என்று மறுநாளே குடிக்கப்போனவர்களையும் எங்கள் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். அந்த வகையில் கணக்கன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சொல்லும் விதம்தான் காந்துகிறது.

மருந்துப்பெட்டி:

செங்காந்தள், மரபணுவை விடுங்கள். மருந்தை மாற்றுவதற்குத் தேவையான கேள்விகள் வேறு. அண்ணன் எதற்காகக் குடிக்கிறார்? கூட்டத்தில் உற்சாகத்துக்கா, தனியாகப் படபடப்பை அடக்கவா? வலிக்கு ஓபியாய்டு வகை மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? ஈரல், சிறுநீரகச் சோதனை முடிவுகள் என்ன? காலையில் கை நடுங்குகிறதா?

செங்காந்தள்:

முன்பு நண்பர்களோடு. இப்போது சில வருடங்களாகத் தனியாகத்தான். குடிக்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை என்கிறார். காலையில் கை நடுங்குகிறது. முதல் கோப்பை உள்ளே போனால்தான் நிற்கிறது. வலி மாத்திரை எதுவும் இல்லை. ஈரல் நொதிகள் கூடியிருக்கின்றன என்றார்கள். சிறுநீரகம் பார்த்ததாகத் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை என்ற கோபத்தில் நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்திவிடப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னார்.

மருந்துப்பெட்டி:

அந்தக் கடைசி வரியை முதலில் கவனியுங்கள். காலை நடுக்கம் உள்ளவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் மனக்குழப்பம், காய்ச்சல், எதிரே இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மருத்துவமனையில் சேர்த்து, பென்சோடயாசிபைன் வகை மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு நிறுத்தவைப்பார்கள். நாளைக் காலை முதல் வேலையாக மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். அதுவரை அவராக நிறுத்தவேண்டாம்.

நால்ட்ரெக்ஸோன் ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் சாத்தியம். சுகத்துக்காகக் குடிப்பவர்களிடம் அது கூடுதலாகப் பயன் தருகிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படபடப்பிலிருந்து தப்பிக்கக் குடிப்பவரிடம் அடைப்பதற்கு அந்தச் சுகமே பெரிதாக இல்லை. உங்கள் அண்ணன் இப்போது இரண்டாம் வகை போலத் தெரிகிறது. இதுவும் உறுதியான விதி கிடையாது. ஆனால் ஒரு காசு செலவில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து மருத்துவரிடம் அகாம்ப்ரோசேட் பற்றிக் கேளுங்கள். குடியை நிறுத்தியபின் அந்த நிலையைத் தக்கவைக்க உதவும் மருந்து. ஈரல் அதைச் செரிப்பதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகச் சோதனை கட்டாயம். செயல்திறன் குறைந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், மிகக் குறைந்திருந்தால் கொடுக்கவே மாட்டார்கள். வழக்கமான அளவு 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் அதனால் கூடுதலாக ஒருவர் குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார் என்று வந்தது. நால்ட்ரெக்ஸோனுக்கு அதே கணக்கில் 20 பேர். மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தடுப்பதில் 12. ஒரு மருந்து ஒருவருக்குக் கேட்காமல் போவது சாதாரணம், அடுத்ததைப் பார்க்கவேண்டியதுதான்.

மழைக்குருவி:

உறவினர் வீட்டில் பேசிவிட்டேன், நிறுத்திவிட்டார்கள். இன்னொரு ஐயம்: முகம் சிவக்கும் ஒரு நண்பர், வயிற்றெரிச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் சிவப்பதில்லை என்கிறார். பரவாயில்லையா?

நுண்ணோக்கி:

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. அந்த மாத்திரை தோல் சிவப்பை மட்டும் மறைக்கிறது. அசிட்டால்டிஹைடு உள்ளே அப்படியே தேங்கி நிற்கிறது. மதுவோடு சேர்ந்து வரும் அசிட்டால்டிஹைடை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. இந்த மரபணு வகையோடு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. சிவப்பை மறைத்துவிட்டு இன்னும் இரண்டு கோப்பை குடிப்பார்; அதுதான் நடக்கும்.

செங்காந்தள்:

அண்ணனைச் சேர்த்துவிட்டோம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம். நடுக்கம் அடங்கியதும் அகாம்ப்ரோசேட் தொடங்கலாம் என்றார் மருத்துவர். எச்சில் சோதனைப் பேச்சை அண்ணி விட்டுவிட்டார். இப்போது அவருக்கு வேறு கவலை. அண்ணன் மகனுக்கு 17 வயது. அவனுக்காவது சோதித்துப் பார்க்கக்கூடாதா?

நுண்ணோக்கி:

வேண்டாம். குறைவு என்று வந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று துணிவான். அதிகம் என்று வந்தால் விதி என்பான். அவனிடம் குடும்பக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு குடித்தாலும் ஏறவில்லை என்றால் அது ஆபத்தின் அடையாளம் என்பதையும் சொல்லுங்கள். ஷக்கிட் குழு கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இதையே காணொளிகளாகக் காட்டிச் சோதித்தது. போதை குறைவாக ஏறும் மாணவர்களிடம், பொதுவான அறிவுரையைவிடத் தங்கள் உடலின் இந்த இயல்பை விளக்கிய காணொளிகள் குடியைக் கூடுதலாகக் குறைத்தன. கூடுமானவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். சின்ன வயதிலேயே தொடங்கியவர்களிடம் குடிநோய் மிகுதி.

செங்காந்தள்:

அவனிடம் நான் பேசட்டுமா, அண்ணன் பேசுவது நல்லதா?

வேப்பங்காய்:

அண்ணன்தான் பேசவேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே வேண்டாம். நன்றாகத் தூங்கத் தொடங்கட்டும், கோபம் கொஞ்சம் தணியட்டும். அதுவரை பையன் ஏதாவது கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். அவன் கேட்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். 17 வயதில் அத்தையின் அறிவுரை காதில் ஏறாது.